‘நீ எப்படி?’ என்று தேடிப் பார்த்தேன்

சென்ற மாரியில் ஓர் இரவு. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அம்மா ஒருவாறு கண்ணயர்ந்திருந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கைபேசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, தேடும் இடத்தில் ‘அம்மா எப்படி’ என்று எழுதினேன். வரிசை வரிசையாக வந்தது. ரொறன்ரோவிலிருந்து அண்ணா, காரைதீவிலிருந்து தம்பி, லண்டனிலிருந்து சித்தியின் பிள்ளைகள், கட்டாரிலிருந்து என் கணவர். ஐந்து வருடத்துச் செய்திகள். விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. பிறகு ‘நீ எப்படி’ என்று எழுதினேன். ‘அக்கா எப்படி’, ‘நீங்கள் எப்படி’ என்றும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். மொத்தம் இரண்டு வந்தன. ஒன்று, கொரோனாக் காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது அண்ணா கேட்டது. மற்றது, தம்பி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது நான் அவனிடம் கேட்டது.

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாசம் இல்லாத சகோதரங்கள் எனக்கு வாய்க்கவில்லை. மாதம் பிறந்தால் அண்ணாவின் காசு வந்துவிடும். தம்பி அம்மாவுக்கென்று பழமும் பம்பர்ஸும் வாங்கிக்கொண்டு கல்முனை பஸ்ஸில் வருவான். வருத்தம் அம்மாவுக்கு, ஆகவே அம்மாவைக் கேட்கிறார்கள். அம்மாவைப் பார்க்கிறவளுக்கும் ஒரு மனம் உண்டு, அதுவும் நோகும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கே அது வெகுகாலம் தோன்றவில்லை.

எங்கள் ஊர் நாவலடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தாய் தகப்பன் மகளோடு இருந்து கண்மூடுவார்கள். குடி என்கிற குலப்பிரிவுகூட எங்களுக்குத் தாய்வழியில்தான் வருகிறது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த அந்த வீடு 2004 டிசம்பர் 26 காலையில் கடலோடு போனது. அப்பாவும் அன்று போனார். பிறகு நாவலடிச் சனத்தில் கனபேருக்குத் திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. அம்மாவுக்கு இப்போது 79 வயது. அறளை பெயர்ந்துவிட்டது என்று அயலவர்கள் சொன்னார்கள். மறதிநோய் என்று கிளினிக் கொப்பியில் எழுதினார்கள். வீடு என் பெயரில் இருக்கிறது. அம்மாவும் என் பொறுப்பில். பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டேன். கணவர் கட்டாரில் சாரதி. மகள் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவாள். மற்ற நாட்களில் வீட்டில் நானும் அம்மாவும்தான்.

மாலை மங்கி மம்மல் பொழுதானால் அம்மாவுக்குப் பதற்றம் பிடித்துவிடும். இரண்டு சேலையையும் வெற்றிலை வட்டாவையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.

“வீட்டுக்குப் போக வேண்டும் பிள்ளை. அவர் கடலால் வருகிற நேரம். சோறு வைக்கவில்லை.”

முதல் வருடம் நான் உண்மையைச் சொன்னேன். அந்த வீடு இல்லை அம்மா, அப்பாவும் இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது என்று சொன்னேன். அம்மா அதை அந்த நிமிடம்தான் முதன்முதலாகக் கேட்பார். அப்படியே நிலத்தில் இருந்து ஒப்பாரி வைப்பார். அரை மணித்தியாலத்தில் அது மறந்துபோகும், பை மறுபடி கைக்கு வரும், நான் மறுபடி உண்மையைச் சொல்வேன். ஒரே மாதத்தில் என் தாயை எத்தனை தடவை விதவையாக்கினேன் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்தவரிடம் எப்படிப் பொய் சொல்வது என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்த நியாயம்.

கைபேசி எனக்குச் செய்த முதல் உதவி இந்த இடத்தில்தான். மறதிநோய் உள்ளவர்களை வீட்டில் பார்க்கிறவர்களுக்காக உலக சுகாதார ஸ்தாபனம் ‘ஐசப்போர்ட்’ என்ற இணையவழிப் பயிற்சி ஒன்றை ஆக்கியிருக்கிறது. 2019-இல் அதை அச்சுக் கைநூலாகவும் வெளியிட்டார்கள். மகள் அதைத் தேடி எடுத்துத் தந்தாள். ஐந்து பகுதிகள்: நோயைப் பற்றி, பராமரிப்பவராக இருப்பது பற்றி, பராமரிப்பவர் தன்னைக் கவனிப்பது பற்றி, அன்றாடப் பராமரிப்பு, நடத்தை மாற்றங்களைக் கையாள்வது. ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படித்தேன். கடைசிப் பகுதியிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதுதான்: வாதாடாதே, திருத்தப் பார்க்காதே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கிற தவிப்புக்குப் பதில் சொல்.

அன்று மம்மலில் அம்மா பையோடு வந்தபோது, “அப்பா கடலுக்குப் போனால் நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்களா அம்மா? என்ன மீன் கொண்டுவருவார்?” என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கீரி, சூடை, பாரை என்று தொடங்கினார். பாரை பட்டால் தலையை யாருக்குக் கொடுப்பார், கரைவலைக் காலத்தில் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்று பேச்சு ஓடியது. பை தோளிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது அவருக்குத் தெரியாது. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பயிற்சிக்கு நான் என்றும் நன்றியுடையவள். ஆனாலும் அது அம்மாவை அமைதிப்படுத்திய அளவுக்கு என்னை அமைதிப்படுத்தவில்லை. இதே பயிற்சியை இந்தியாவில் 151 பராமரிப்பாளர்களிடம் பரீட்சித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்திருக்கிறது. இறுதிவரை நின்றவர்கள் 55 பேர். நோயாளியை ஒரு மனிதராக மதித்து அணுகும் மனப்பாங்கு அவர்களிடம் வளர்ந்திருந்தது. மனச்சோர்விலும் சுமையிலும் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. மகள் அதை வாசித்துச் சொன்னபோது எனக்கு வியப்பே வரவில்லை. ஒரு பாடத்தைத் திறந்தால் அம்மா கூப்பிடுவார். திரும்பி வந்தால் திரை அணைந்திருக்கும். ‘உங்களுக்கென நேரம் ஒதுக்குங்கள்’ என்று வாசித்த இடத்தில் எத்தனை நாள் நின்றிருப்பேன். அந்த நேரத்தை யார் தருவார்கள் என்பதைப் பாடம் சொல்லவில்லை. எந்தப் பாடத்தாலும் அதைச் சொல்ல முடியாது.

அடுத்ததாக மனதைச் சாந்தப்படுத்தும் செயலி ஒன்று. அதன் பெயர் வேண்டாம். மூச்சை எண்ணச் சொல்லும், ஆறு முகங்களைக் காட்டி இன்று உன் மனம் எது என்று கேட்கும். முதல் நான்கு நாள் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் அம்மாவுக்கு வயிற்றோட்டம். ஆறாம் நாள் காலையில், நீங்கள் தொடர்ச்சியைத் தவறவிட்டுவிட்டீர்கள் என்று கைபேசி சொன்னது. இரவெல்லாம் விரிப்பு மாற்றித் துவைத்த கையோடு அதை வாசித்தேன். ஏற்கெனவே எல்லாவற்றிலும் தவறுகிறேன் என்று நம்பிக்கொண்டிருப்பவளிடம் போய் இன்னொரு தவறைச் சொல்லும் கருவியை நான் வீட்டில் வைத்திருக்க மாட்டேன். அன்றே அழித்துவிட்டேன்.

கமராவும் வந்தது. அண்ணா ஆசையோடு வாங்கி அனுப்பினார். அம்மாவின் அறையில் ஒன்று, வாசலில் ஒன்று. ரொறன்ரோவிலிருந்தே அம்மாவைப் பார்க்கலாம். எங்கள் பேச்சில் நோயாளியைப் பராமரிப்பதற்கும் ‘பார்ப்பது’ என்றுதான் சொல்கிறோம். ‘அவள்தான் தாயைப் பார்க்கிறாள்’ என்றால் ஊட்டுகிறாள், குளிக்க வார்க்கிறாள், இரவில் விழித்திருக்கிறாள் என்று அத்தனையும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். கமரா பார்ப்பது வேறு. ‘அம்மா எழும்பிவிட்டார், நீ எங்கே நிற்கிறாய்?’ என்று செய்தி வரும். நான் கிணற்றடியில் நிற்பேன். ‘இரண்டு மணித்தியாலமாக அம்மா ஒரே பக்கம் படுத்திருக்கிறார்.’ தெரியும், படுக்கைப்புண் வரக் கூடாது என்று நாள் முழுவதும் புரட்டிவிடுகிறவள் நான்தான். அண்ணாவுக்கு அது அக்கறை. எனக்கு அது பரீட்சை மண்டபத்தில் பின்னால் ஒருவர் நிற்பதுபோல.

பிறகு அந்த இரவு வந்தது. விடியப்புறம் 2 மணி இருக்கும். ஐந்தாவது தடவையாக அம்மா வாசல் கதவை இழுத்தார். படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். “எங்கேயும் போக முடியாது, எல்லாம் போய்விட்டது, நீங்களும் போயிருக்கலாம்!” என்று கத்தினேன். காலையில் குளிக்க வார்க்கும்போது மெலிந்த மணிக்கட்டில் நான்கு விரல்களின் அடையாளம் கன்றிப்போய் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார்: “யார் பிள்ளை இப்படிப் பிடித்தது?”

வாசல் கமராவில் அது பதிவாகியிருந்தது. மகள் பல்கலைக்கழகத்தில்; அந்த நேரத்தில் யாரும் பார்த்திருக்கவில்லை. நான் மட்டும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அதில் நின்ற பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்த அந்தக் கருவியால் ஒரு கை கொடுக்க முடியவில்லை. வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

அன்றிரவு 1926-க்கு அழைத்தேன். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இரவும் பகலும் எடுப்பார்கள். அந்த இலக்கத்தை மூன்று மாதம் முன்பே கலண்டரில் எழுதி வைத்திருந்தேன், மற்ற யாருக்காவது உதவும் என்று. கட்டணமில்லாமல் பேச 1333 என்று இன்னோர் இலக்கமும் இருக்கிறது. மறுமுனையில் எடுத்தவர் எனக்குப் புத்திமதி சொல்லவில்லை. இப்போது எங்கே நிற்கிறீர்கள், அம்மா பாதுகாப்பாக இருக்கிறாரா, உங்களுக்குத் துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு நான் அழத் தொடங்கினேன். அழுது முடியும் வரைக்கும் அவர் இருந்தார். காலையில் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

மனநலம் என்ற சொல் எங்களுக்குப் புதிது இல்லை. கடல் வந்துபோன பிறகு முகாம்களில் ‘உளவளத்துணை’ என்ற சொல்லைக் கேட்காத குடும்பம் நாவலடியில் இருக்காது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். ஆனால் அதெல்லாம் பெரிய இழப்பு வந்தவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். பெற்ற தாய்க்குச் செய்வது ஓர் இழப்பா, ஒரு பாரமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தப் பிரிவில் ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் எதிலும் விருப்பமில்லாமல் இருந்தது, எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் கவனமாகப் பார்க்க வேண்டும். எனக்கு 16. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் பற்றியது. ‘சில நாட்கள்’ என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. மருத்துவர் என் பெயரில் ஒரு கிளினிக் கொப்பி போடச் சொன்னார். வீட்டில் அம்மாவின் கொப்பிக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது, பாலர் பாடசாலை முதல் நாளில் புதுக்கொப்பி பிடித்த பிள்ளையைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் இன்னொரு கேள்வித்தாளும் தேடித் தந்தாள். ஸ்டீவன் ஸாரிட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980-இல் ஆக்கியது. முதலில் 29 கேள்விகள். பிறகு 22 ஆக்கினார்கள், அதுதான் இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. வருத்தக்காரரோடு இருக்கும்போது கோபம் வருகிறதா என்று அதில் ஒரு கேள்வி. உனக்கென்று நேரம் இல்லாமல் போய்விட்டதா என்று ஒன்று. இன்னும் கூடச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா என்று ஒன்று. வாசிக்க வாசிக்க எனக்குள் ஏதோ இளகியது. எத்தனையோ பேர் இதை உணர்ந்திருக்காவிட்டால், நாற்பது வருடத்துக்கு முன்பே இப்படி ஒரு கேள்வியை எழுதி வைத்திருப்பார்களா? மறதிநோய் உள்ளவர்களைப் பார்க்கும் குடும்பத்தவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 5 மணித்தியாலம் அதற்குச் செலவிடுகிறார்கள், அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 வீதம் பெண்களுடையது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. அந்தப் பெண்களெல்லாம் கோபமே வராத தெய்வங்களாக இருக்க முடியாது.

மனநலப் பிரிவின் வாங்கில்தான் எங்கள் குழு பிறந்தது. நாங்கள் நான்கு பேர். என் கைபேசியில் ஊர்ப்பெயரால்தான் பதிந்து வைத்திருக்கிறேன். ஆரையம்பதி அக்கா, மாமியாரைப் பார்க்கிறார். காத்தான்குடி ராத்தா, பாரிசவாதத்தில் பேச்சும் வலக்கையும் இழந்த கணவரைப் பார்க்கிறார். மண்டூர்த் தங்கச்சி, பிறவியிலேயே நடக்க முடியாத 19 வயது மகனைப் பார்க்கிறாள். வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில் அவள் வீடு. வீட்டில் சிக்னல் சரியாக வராது. சாமான் வாங்கக் குருமண்வெளிக்குப் பாதை என்கிற மிதவைப் படகில் வாவியைக் கடக்கும்போதுதான் அவளுடைய செய்திகள் எல்லாம் மொத்தமாக வந்து விழும், பின்னால் தண்ணீர்ச் சத்தத்தோடு.

எழுத்து வேண்டாம், குரல் மட்டும் என்று முதல் நாளே முடிவு செய்தோம். ராத்தாவுக்கு எழுதுவது கையோடு வராது. மற்றவர்களுக்கோ கை ஓயாது. ஒரு கையால் கஞ்சி கிண்டிக்கொண்டே பேசிவிடலாம். காலை வணக்கப் படங்கள் போடுவதில்லை. கேட்காமல் யாரும் மருந்து சொல்வதில்லை. முக்கியமாக, பேசியது எல்லாம் 7 நாளில் தானாக அழிந்துபோகும்படி குழுவை அமைத்துவிட்டோம். அந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. ‘இந்த மனிசன் இன்றைக்கே போனால் எனக்குச் சுகம்’ என்று ஒரு மனைவி விடியற்காலையில் சொன்னால், அது ஒரு வருடம் கழித்து யாருடைய கைக்கும் போகக் கூடாது. அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், உலகத்துக்குத் தெரியாது. அறளை பெயர்ந்த தாய் தகப்பனை வீடியோ எடுத்து டிக்டொக்கில் போடுகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆடை விலகியதுகூடத் தெரியாத ஒரு வயதான பெண்ணை முழு உலகத்துக்கும் காட்டி என்ன தேடுகிறார்கள்?

யார் என்ன பேசினாலும் மற்ற மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் பதிலாகச் சொல்கிறோம்: “கேட்டேன்.” அதை ராத்தா தொடக்கிவைத்தார். அந்த மணிக்கட்டுக் கதையை நான் முதன்முதலாக அங்கேதான் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்துக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். விடிய 4 மணிக்கு, சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய ராத்தாவின் குரல் வந்தது. “கேட்டேன் தங்கச்சி. நானும் ஒரு நாள் அவருடைய வாயில் கரண்டியைப் போட்டு இடித்திருக்கிறேன். பல் உடைந்தது.” அவ்வளவுதான். குழுவில் எல்லோரும் கேட்டு முடித்தால் குரல் செய்தியில் உள்ள மைக் அடையாளம் நீலமாக மாறும். அன்று அது நீலமாவதைப் பார்த்துக்கொண்டே குசினி வாசலில் இருந்தேன்.

குரலுக்கு இருக்கும் இந்த வலிமையை ஆய்வுக்காரர்களும் அறிந்திருக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் மன அழுத்தத்தைச் சமாளிப்பதற்கு ஐந்து அமர்வுகளில் ஒலிப்பதிவும் படப்புத்தகமுமாக ஒரு முறையை ஆக்கியது. உகண்டாவில் தஞ்சமடைந்திருந்த தென்சூடான் பெண்கள் 694 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. கூட்டாக இருந்து அந்த ஒலிப்பதிவைக் கேட்ட பெண்களின் மன வேதனை மற்றப் பிரிவினரைவிடக் குறைந்திருந்தது. நடத்தியவர்கள் உளவியல் நிபுணர்கள் இல்லை, குறுகிய பயிற்சி பெற்றவர்கள். லண்டனில் கில் லிவிங்ஸ்டன் என்ற பேராசிரியரின் குழு 260 பராமரிப்பாளர்களை வைத்து நடத்திய ஆய்விலும் இதே போன்ற விஷயம் இருக்கிறது. உளவியல் படித்த இளம் பட்டதாரிகள் வீட்டுக்குப் போய், கையேட்டை வைத்துக்கொண்டு எட்டுத் தடவை இருந்து பேசினார்கள். அந்தக் குடும்பத்தவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆறு வருடத்துக்குப் பிறகும் பலன் நின்றது.

இதை வாசித்ததிலிருந்து எனக்கு ஓர் ஆசை. எங்கள் பிரதேச செயலகங்களில் பட்டதாரிகளான அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் படுக்கையில் கிடப்பவர்கள் இருக்கும் வீடுகளின் பட்டியலைக் கொடுத்து, கிழமைக்கு ஒரு தடவை அந்த வீட்டில் பார்க்கிறவருக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லலாம். நோயாளியைப் பற்றி விசாரிக்க வேண்டாம். பார்க்கிறவரை விசாரித்தால் போதும். நல்ல தமிழில், எங்கள் பேச்சில் ஒலிப்பதிவு செய்த ஐந்து பாடங்களையும் அவருடைய கைபேசிக்கு அனுப்பலாம். இதற்குப் புதுச் செயலி தேவையில்லை, பெரிய கட்டடமும் தேவையில்லை. வாவிக்கு அந்தப்பக்கம் சிக்னல் கோபுரம் ஒன்று தேவைப்படலாம்.

அண்ணாவின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

கமராவைக் கழற்றி இரண்டு நாள் கழித்து அண்ணா கோபமாக எடுத்தார். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து இலக்கத்தை வாசித்துக் காட்டினேன். 16 என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். மணிக்கட்டைப் பற்றியும் சொன்னேன். அண்ணா நெடுநேரம் பேசவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, “அம்மா எத்தனை மணிக்கு எழும்புவார்?” என்று கேட்டார். ஒன்றரை, இரண்டு என்றேன். “எனக்கு மூன்று மணிக்கு வேலை முடிகிறது.”

இதை நாங்கள் எத்தனையோ வருடமாக யோசிக்கவில்லை. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. எனக்கு விடியப்புறம் 2 மணி என்றால் அவருக்கு முதல் நாள் பின்னேரம் நாலரை, இல்லையென்றால் மூன்றரை. எனக்கு ஆகக் கொடிய நேரம் அவருக்குத் தேநீர் குடிக்கும் நேரம். அத்தனை தூரத்தை ஒரு குறையென்றே நினைத்திருந்தோம்.

இப்போது கிழமையில் ஐந்து நாள் இரவுக் காவல் அண்ணாவுடையது. கேற்றைப் பூட்டி, குசினிக் கதவைப் பூட்டி, அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மேசையில் கைபேசியை நிறுத்திவிடுவேன். அம்மா எழும்பியதும் வீடியோ அழைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் கதவைத் திறந்தபடி படுத்துக்கொள்வேன். அவசரம் என்றால் அண்ணா மகளுடைய பழைய போனுக்கு அடிப்பார், அது என் தலையணைக்கடியில் இருக்கும். ஒரு மணித்தியாலம், சில நாட்களில் இரண்டு. அம்மா பேசிக் களைத்துப் படுத்துவிடுவார்.

முதல் இரவு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அண்ணாவின் குரல் அப்படியே அப்பாவின் குரல். அம்மாவுக்குத் திரையில் உள்ள முகம் பிடிபடாது, குரல்தான் பிடிபடும். “என்ன இவ்வளவு நேரம்? கடல் கடுமையா?” என்று கேட்டார். சுவருக்கு இந்தப்பக்கம் படுத்திருந்த எனக்கு மூச்சு நின்றதுபோல இருந்தது. அண்ணா ஒன்றும் சொல்லாமல் இருந்தார். விம்முகிற சத்தம் மெல்லக் கேட்டது. திருத்த வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். கொஞ்சம் பொறுத்து, “காற்றுக் கொஞ்சம் கூடத்தான்” என்றார். “சாப்பிட்டீரா?”

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பேச்சுத்தான். என்ன கறி, யார் வந்து போனார்கள், கூரைக்குக் கிடுகு மாற்ற வேண்டும். அண்ணா 24 வயதில் கனடா போனவர். அப்பாவோடு அவர் கடைசியாகப் பேசியதும் தொலைபேசியில்தான். ஒரு நாள் என்னிடம், அம்மா சொல்கிற கதைகளில் பாதி தனக்குத் தெரியாது என்றார். எழுதி வைக்கிறாராம்.

தம்பியும் மாதத்தில் மூன்றாவது சனிக்கிழமை காலை முதல் இரவு வரை வந்து நிற்கிறான். அன்று நான் ஆரையம்பதி அக்கா வீட்டுக்குப் போய்ச் சும்மா படுத்துக் கிடப்பேன். சென்ற மாதம் திரும்பவும் அந்த ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். 8. மாத்திரையும் அதில் உண்டு, தூக்கமும் உண்டு, நான்கு குரல்களும் உண்டு. எதற்கு எவ்வளவு பங்கு என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மாவின் நோய் குறையவில்லை. என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு ஐந்து மாதமாகிறது.

அம்மாவின் கைகள் மட்டும் ஒன்றையும் மறக்கவில்லை. வட்டாவை முன்னால் வைத்தால் பாக்குவெட்டியைப் பிடித்து நூல் நூலாகச் சீவுவார், பார்க்காமலே. இரவில் பாக்குவெட்டியைக் கொடுப்பதில்லை. சீவிய பாக்கையும் நாலு வெற்றிலையையும் சுண்ணாம்பையும் மேசையில் வைத்துவிட்டுப் படுப்பேன். நேற்று ஐந்து மணிக்கு எழும்பிப் போய்ப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கைபேசி சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. அதன் திரையில் நடுவாக ஒரு விரல் சுண்ணாம்பு. காலடியில், நன்றாக மடித்த வெற்றிலை ஒன்று. எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தேன்.